‘ராடருக்குச் சிக்காது’ என்று எழுதும்போது எந்த ராடருக்கு, எத்தனை கிலோமீற்றரில் என்றும் எழுதுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு வாரமலரின் நடுப்பக்கத்தில் இந்தியாவின் ‘காதக்’ ஆளில்லாப் போர் விமானம் பற்றி முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். ‘எந்த ராடருக்கும் சிக்காத எமன்’ என்று தலைப்பு. வாலில்லாத கறுப்பு விமானம் ஒன்று மேகத்துக்கு மேலே பறக்கும் பெரிய படம். எழுதியவரின் பெயர் இல்லை, ‘பாதுகாப்பு ஆய்வாளர்’ என்று மட்டும் இருந்தது.

நான் பாதுகாப்பு ஆய்வாளன் அல்லன். கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் ராடர் திருத்துவதுதான் என் தொழிலாக இருந்தது. எண்பதுகளில் ஒரு தனியார் கம்பனியில் உதவியாளாகச் சேர்ந்து, மாஸ்டில் ஏறி ஸ்கானருக்குக் கிறீஸ் போடுவதில் தொடங்கி, அலையை உண்டாக்கும் மக்னெட்ரோன் குழாயை மாற்றுவது, திரையைச் சரிபார்த்துக் கப்டனிடம் கையெழுத்து வாங்குவது வரை அதே வேலையில் தலை நரைத்தது. இராணுவ ராடர் எதையும் நான் தொட்டதில்லை. ஆனால் அலையை அனுப்பி எதிரொலியைப் பிடிக்கும் கணக்கு கப்பல்காரனுக்கும் படைக்காரனுக்கும் ஒன்றுதான். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எந்த ராடருக்கும் சிக்காத விமானம் என்று ஒன்று உலகத்தில் இல்லை. ராடரிடமிருந்து ஒளிக்கும் ‘ஸ்டெல்த்’ தொழில்நுட்பம் செய்கிற வேலை, விமானம் தெரியவரும் தூரத்தைக் குறுக்குவது. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ராடர் அனுப்பும் அலை போகும்போது தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப நலியும். பட்டுத் திரும்பும்போது இன்னொரு தடவை அதே மாதிரி நலியும். இரண்டும் சேர்ந்தால் தூரத்தின் நான்காம் அடுக்கு. ஆகவே விமானம் தரும் எதிரொலியைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தாலும் அது தெரியவரும் தூரம் பாதிதான் குறையும். 200 கிலோமீற்றரில் தெரிந்த விமானத்தை 20 கிலோமீற்றர் வரை தெரியாமல் கொண்டுவர வேண்டும் என்றால் எதிரொலி பத்தாயிரத்தில் ஒரு பங்காக வேண்டும். சாதாரணப் போர் விமானம் ராடருக்குச் சில சதுர மீற்றர் பரப்பாகத் தெரிகிறது என்று வைத்துக்கொண்டால், அதை ஒரு பத்து ரூபாய்க் குற்றியின் பரப்புக்குக் கொண்டுவந்து நிறுத்துவது.

இவ்வளவு பாடுபட்டு வாங்குவது நேரத்தை. மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் வரும் விமானத்தை 200 கிலோமீற்றரில் கண்டால் தரையில் இருப்பவருக்குப் பதின்மூன்று நிமிடம் கிடைக்கும். 20 கிலோமீற்றரில் கண்டால் 80 விநாடி. அதற்குள் கண்டது என்ன என்று தீர்மானிக்க வேண்டும், மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும், ஏவுகணையைத் திருப்ப வேண்டும். எமன் என்று எழுதுவதைவிட ‘80 விநாடி’ என்று எழுதியிருந்தால் வாசகருக்கு விஷயம் விளங்கியிருக்கும், பயமும் கூடுதலாக வந்திருக்கும்.

இதன் மறுபக்கத்தைக் கொழும்பு முகத்துவாரத்தில் பார்க்கலாம். அங்கே கட்டியிருக்கும் பலநாள் படகுகள் பைபர் படகுகள். பைபரில் படும் ராடர் அலை பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடும். எஞ்சினிலோ வேறு இரும்பிலோ பட்ட கொஞ்சம்தான் திரும்பி வரும். கடல் கொந்தளிக்கும்போது அலைகளின் எதிரொலிக்குள் அந்தப் புள்ளி அமுங்கிவிடும். கொள்கலன் கப்பலின் கட்டளை மாடமான பிரிட்ஜில் நின்று வெறுங்கண்ணால் படகைப் பார்த்துக்கொண்டே, திரையில் அது இல்லாததையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் படகுக்காரரிடம் ராடர் ரிஃப்ளெக்டர் கட்டுங்கள் என்று தலையால் அடித்துக்கொள்கிறோம். மூன்று உலோகத் தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருத்திய சாமான் அது. அந்த மூலைக்குள் போன அலை தகடு தகடாகப் பட்டு, வந்த திசைக்கே திரும்பிப் போகும். முழங்கை நீளத் தகடுகள், ஒரு பெரிய படகுக்கு நிகரான எதிரொலி.

ஸ்டெல்த் விமானம் வரைபவருக்கு முதல் வேலை, இந்த மாதிரி மூலை ஒன்றும் விமானத்தில் இல்லாமல் செய்வதுதான். செங்குத்தான வாலும் கிடையான இறக்கையும் சேரும் இடம் ஒரு மூலை. இறக்கைக்குக் கீழே தொங்கும் குண்டு இன்னொன்று. எஞ்சினுக்குக் காற்று போகும் வாய் எல்லாவற்றிலும் மோசம், அதற்குள்ளே சுழலும் தகடுகள் நேராகப் பதில் சொல்லும். ஆகவே வாலை வெட்டிவிடுகிறார்கள். குண்டை வயிற்றுக்குள் வைத்துக் கதவு போடுகிறார்கள் (கதவு திறக்கும் அந்தச் சில விநாடிகளில் ஒளிப்பு போய்விடும்). காற்று வாயை முதுகுக்கு ஏற்றி, குழாயை வளைத்து, எஞ்சின் முகம் வெளியே தெரியாமல் செய்கிறார்கள். விளிம்புகளை எல்லாம் இரண்டு மூன்று திசைக்கு இணையாக வரிசைப்படுத்தினால் எதிரொலி அந்தத் திசைகளுக்கு மட்டும் போகும். அலையை உறிஞ்சும் பூச்சு இவற்றுக்கெல்லாம் பிறகுதான். உங்கள் கட்டுரை பூச்சைப் பற்றி இரண்டு பந்தி எழுதி, வடிவத்தை ஒரு வரியில் முடித்துவிட்டது.

விளிம்பில் பட்ட அலை எப்படிச் சிதறும் என்ற கணிதத்தை எழுதியவர் பியோத்தர் உஃபிம்ட்செவ் என்ற சோவியத் விஞ்ஞானி. 1962இல் மொஸ்கோவில் அது பகிரங்கமாகவே வெளிவந்தது, அங்கே பெரிதாக எவரும் கவனிக்கவில்லை. அமெரிக்க விமானப்படை அதை மொழிபெயர்த்து வைத்திருந்தது. எழுபதுகளின் நடுவில் லொக்ஹீட் கம்பனியின் டெனிஸ் ஓவர்ஹோல்சர் அதைக் கணினிக்குள் போட்டார். 1977 டிசெம்பரில் ‘ஹாவ் புளூ’ என்ற சோதனை விமானம் பறந்தது. அதிலிருந்து வந்ததுதான் எப்-117 என்ற அமெரிக்க ஸ்டெல்த் போர் விமானம். பகைவனின் கணிதத்தில் பிறந்த விமானம் என்று தாராளமாகத் தலைப்புப் போட்டிருக்கலாம், அது உண்மையாகவும் இருந்திருக்கும்.

எப்-117 பற்றிச் சொன்னபடியால் சேர்பியாவையும் சொல்ல வேண்டும். கப்பல்களில் இரண்டு வகை ராடர் உண்டு. எக்ஸ் பாண்ட் 3 சென்ரிமீற்றர் அலை, எஸ் பாண்ட் 10 சென்ரிமீற்றர் அலை. மழை கொட்டும்போது எக்ஸ் பாண்டின் திரை வெளுத்துவிடும், எஸ் பாண்ட் மழையைத் தாண்டிப் பார்க்கும். ஒரே கடல், ஒரே கப்பல், அலையின் நீளம் மாறினால் தெரிவது மாறும். ஸ்டெல்த் வடிவங்கள் ஏவுகணையை வழிநடத்தும் ராடர்களின் சென்ரிமீற்றர் அலைகளுக்கு ஏமாற்றுக் காட்டவே வரையப்படுகின்றன. இரண்டு மீற்றர் நீள அலையை அனுப்பினால் விமானத்தின் பாகங்களே கிட்டத்தட்ட அலையின் அளவுக்கு வந்துவிடும், விளிம்பு வித்தை அவ்வளவு எடுபடாது. நேட்டோ குண்டு போட்டுக்கொண்டிருந்த 1999 மார்ச் 27 இரவு, பெல்கிறேடுக்கு அருகே சேர்பிய ஏவுகணைப் படை அதிகாரி சோல்தான் தானியின் பிரிவு பி-18 என்ற பழைய சோவியத் நீள் அலை ராடரால் ஒரு எப்-117ஐக் கண்டது. பதினைந்து கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தில் வைத்து, 1960களின் தொடக்கத்தில் சேவைக்கு வந்த எஸ்-125 ரக ஏவுகணையால் அதை விழுத்தியது. உடைந்த பாகங்கள் பெல்கிறேட் விமான அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நீள் அலை ராடர் இடத்தைத் துல்லியமாகச் சொல்லாது, அது உண்மை. ஏவுகணையை வழிநடத்த வேறு ராடர் வேண்டும், அதற்குத் தெரியும் அளவுக்குக் கிட்ட வரும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனாலும் ‘எந்த ராடருக்கும்’ என்ற பேச்சு அன்றோடு முடிந்தது.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்கும். 2007 ஏப்ரல் 29 அதிகாலை, உலகக் கிண்ண இறுதிப் போட்டியை நகரமே விழித்திருந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது, வானத்தில் சுடத் தொடங்கினார்கள். ஒரு மாதத்துக்கு முதல் கட்டுநாயக்க விமானத் தளத்துக்கு வந்த புலிகளின் அதே சிறு விமானங்கள். செக் நாட்டில் செய்த, பயிற்சிக்குப் பாவிக்கும் ஒற்றை எஞ்சின் புரொப்பலர் விமானம், ஸ்டெல்த்தும் இல்லை, பூச்சும் இல்லை. தாழப் பறந்தன, இரவில் வந்தன, அவ்வளவுதான். பூமி வளைந்திருப்பதால் 100 மீற்றர் உயரத்தில் வரும் எதையும், தரையோடு நிற்கும் ராடர் சுமார் 40 கிலோமீற்றருக்குள் வந்த பிறகுதான் காணமுடியும். அந்த இரவுகளின் அரசியலுக்குள் நான் போகவில்லை. ராடரிடமிருந்து ஒளிப்பதற்குக் கோடிக்கணக்கான டொலர் கட்டாயம் இல்லை என்பதை இந்த நகரம் நேரிலேயே கண்டுவிட்டது என்று சொல்லத்தான் அதை எடுத்தேன்.

இனிக் காதக்குக்கு வருவோம். அது ‘பறந்து காட்டிவிட்டது, விரைவில் படையில் சேரும்’ என்கிறது உங்கள் கட்டுரை. பறந்தது காதக் அல்ல. 2022 ஜூலை 1 அன்று கர்நாடகத்தில் சித்திரதுர்காவில் இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு பறக்கவிட்டது ‘ஸ்விஃப்ட்’ என்ற சோதனை விமானம். ஏறக்குறைய ஒரு டொன் எடை, ஐந்து மீற்றர் அளவான இறக்கை, ரஷ்யாவின் சிறிய எஞ்சின். காதக் பதின்மூன்று டொன் அளவில் வரும் என்று சொல்லப்படுகிறது. ஒரு டொன்னுக்கும் பதின்மூன்று டொன்னுக்கும் நடுவில் பல வருட வேலை கிடக்கிறது.

ஸ்விஃப்டைச் சின்னதாக்கவும் நான் விரும்பவில்லை. வாலில்லாத விமானம் தானாக நேராக நிற்காது, மூக்கு இடமும் வலமும் அலையப் பார்க்கும். வால் செய்த வேலையை இறக்கை விளிம்பில் உள்ள பலகைகளை அசைத்து அசைத்துக் கணினி செய்ய வேண்டும். ஒரு கணம் தப்பினாலும் கதை முடிந்தது. மனித விமானி கையால் செய்வதற்கு மிகவும் கடினமான வேலை அது. 2023 டிசெம்பரில் அதே விமானம் தானாகவே தரையிறங்கியதை அறிவித்தார்கள். தரையில் வழிகாட்டும் ராடரும் இல்லை, விமானியும் இல்லை, செய்மதித் தகவலையும் தன் உணரிகளையும் வைத்து இறங்கியது. பெங்களூர் பொறியியலாளர்கள் செய்த அந்த வேலை ஒரு முழுப்பக்கத்துக்குத் தகும். உங்கள் கட்டுரையில் அது ஒரு சொல்கூட இல்லை.

எஞ்சினைப் பற்றியும் இல்லை. காதக்குக்குப் போடத் திட்டமிட்டிருப்பது காவேரி எஞ்சினின் ஒரு வடிவம், பின்னெரிப்பான் (வெளியேறும் வாயுவில் மேலும் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் பகுதி) இல்லாதது. காவேரித் திட்டம் 1989இல் அனுமதி பெற்றது தேஜஸ் போர் விமானத்துக்காக. போதிய உந்துவிசை வராததால் 2008இல் தேஜஸிலிருந்து அதைப் பிரித்துவிட்டார்கள், தேஜஸ் இன்றும் அமெரிக்க எஞ்சினில்தான் பறக்கிறது. ஒலியின் வேகத்தைத் தாண்டத் தேவையில்லாத ஆளில்லா விமானத்துக்குப் பின்னெரிப்பான் வேண்டாம். ஏறக்குறைய 50 கிலோநியூட்டன் போதும், அது காவேரிக்குக் கைகூடும். ஒரு வேலைக்குப் போதாது என்று ஒதுக்கிய எஞ்சின் இன்னொரு வேலைக்குப் பொருந்தி வருகிறது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வெப்பம் தாங்கும் தகடு வார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது கப்பல் எஞ்சின்காரரோடு பழகியவனுக்குக் கொஞ்சம் தெரியும்.

ஜம்பட்டா வீதி சலூனில் போன கிழமை இதே கட்டுரையை வைத்து ஒரு சண்டை. ஒருவர் இந்தியா பக்கம், ஒருவர் சீனா பக்கம். சீனாவின் ஜிஜே-11 என்ற ஆளில்லா ஸ்டெல்த் விமானத்தை 2019 ஒக்டோபர் முதலாம் திகதி அணிவகுப்பிலேயே காட்டிவிட்டார்களாம். ஆமாம், காட்டினார்கள். முடி வெட்டுகிற தம்பி கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, “ஐயா, எது பெரிசு?” என்று கேட்டார். அணிவகுப்பில் லொறியில் ஏற்றிக் காட்டியதை வைத்து எது பெரிது என்று நான் எப்படிச் சொல்வேன்?

மற்ற நாடுகள் பட்ட பாட்டைப் பார்த்தால்தான் அளவு தெரியும். பிரான்ஸ் தலைமையில் ஆறு நாடுகள் சேர்ந்து செய்த ‘நியூரோன்’ என்ற ஆளில்லா விமானம் 2012 டிசெம்பரில் பறந்தது. பிரித்தானியாவின் ‘டரானிஸ்’ 2013 ஓகஸ்டில் அவுஸ்திரேலியப் பாலைவனத்தில் பறந்தது, அதற்கு 185 மில்லியன் பவுண் செலவு. இரண்டும் தொழிற்சாலை உற்பத்திக்குப் போகவில்லை. நியூரோனில் படித்த பாடத்தை வைத்து, ரஃபால் விமானத்தோடு கூடப் பறக்கும் ஒன்றைச் செய்வோம் என்று பிரான்ஸ் அறிவித்ததே 2024 ஒக்டோபரில்தான். அதுவும் 2030க்குப் பிறகு.

அமெரிக்கக் கடற்படையின் எக்ஸ்-47பி என்ற ஆளில்லா விமானத்தின் கதை இன்னும் சுவையானது. 2013 ஜூலை 10 அன்று அது வேர்ஜீனியாக் கரைக்கு அப்பால் விமானந்தாங்கிக் கப்பலில் தானாக இறங்கியது. ஆடும் கப்பலில் இறங்குவது அனுபவமுள்ள விமானிக்கே உயிர் போகும் வேலை. அன்றே இன்னொரு முறை இறங்க வரும்போது, தன் வழிகாட்டும் கணினிகளில் ஒன்று பிழைவிடுவதைத் தானே கண்டு, கப்பலை விட்டு விலகிக் கரையில் உள்ள ஓடுபாதைக்குப் போய்விட்டது. 2015 ஏப்ரலில் வானத்திலேயே எரிபொருளும் வாங்கியது. அதற்குப் பிறகு திட்டத்தை மூடினார்கள். அதன் இடத்துக்கு வந்த எம்கியூ-25 மற்ற விமானங்களுக்கு எரிபொருள் கொடுக்கும் விமானம், குண்டு போடுவதல்ல. இவ்வளவு திறமையான யந்திரத்தை ஏன் ஒதுக்கினார்கள் என்று ஒரு ஆய்வாளர் எழுதினால் நான் காசு கொடுத்து வாசிப்பேன்.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன்.

ஒரு விமானம் ராடரிடமிருந்து ஒளிய வேண்டும் என்றால் அது பேசக்கூடாது. தானாக ராடர் அடித்தால் அந்த அலையைக் கேட்டு எதிரி இடத்தைப் பிடிப்பான். தரையில் இருப்பவருக்குப் படம் அனுப்பினாலும் அதே. செய்மதியை நோக்கி மேலே குறுகிய கற்றையாகப் பேசினால் பிடிபடும் வாய்ப்புக் குறைவு, ஆனால் அந்த இணைப்பைக் குழப்பலாம், அறுக்கலாம். ஜிபிஎஸ்ஸை ஏமாற்றுவது கப்பல்காரருக்குப் பழகிய தலையிடி. 2017 ஜூனில் கருங்கடலில் நோவோரோசிஸ்க் அருகே நின்ற இருபதுக்கு மேற்பட்ட கப்பல்களின் திரைகள், கப்பல் தரையிலே ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. கப்டன் ஜன்னலால் பார்த்துச் சிரிக்கலாம். ஆளில்லா விமானத்துக்கு ஜன்னலால் பார்க்க ஆளில்லை.

2011 டிசெம்பரில் அமெரிக்காவின் ஆர்கியூ-170 என்ற வாலில்லாத வேவு விமானம் அவ்வளவாகச் சேதமில்லாமல் ஈரானின் கையில் போய்ச் சேர்ந்தது. ஈரான் தான் ஏமாற்றி இறக்கியதாகச் சொன்னது, அமெரிக்கா பழுது என்றது. தொலைக்காட்சியில் காட்டினார்கள், உலகமே பார்த்தது. 2024 ஒக்டோபர் 5 அன்று ரஷ்யாவின் ‘ஒஹோட்னிக்’ ஆளில்லாப் போர் விமானம் உக்ரேன் வானத்தில் கட்டுப்பாட்டை இழந்ததாகத் தெரிகிறது. கூடப் பறந்த ரஷ்யப் போர் விமானமே அதைச் சுட்டு விழுத்தியது. துண்டுகள் உக்ரேனின் கையில். தொடர்பு அறுந்த விமானம் என்ன செய்யும் என்பது இந்தத் துறையில் ஓரத்தில் கிடக்கும் கேள்வி அல்ல என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

ஆகவே வரைபவர்களின் கை ஒரே திசையில்தான் போகிறது. ஒளிய வேண்டுமா, பேசாதே. பேசாமல் வேலை நடக்க வேண்டுமா, நீயே முடிவெடு. பாலம், ஓடுபாதை, எண்ணெய்த் தாங்கி மாதிரி அசையாத இலக்கு என்றால் பிரச்சினை குறைவு. எங்கே அடிப்பது என்று புறப்படும் முன்பே ஒரு மனிதர் முடிவெடுத்திருப்பார், விமானம் அதை நிறைவேற்றும். நீண்டதூர ஏவுகணையும் அதைத்தான் செய்கிறது. இலக்கு லொறியாக, படகாக, ஓடும் வாகனமாக இருந்தால்? அந்த இடத்தில், அந்த விநாடியில், ‘இது படை லொறி, இது மரக்கறி லொறி’ என்று பிரித்தறிய வேண்டியது மென்பொருள். தரையிடம் கேட்டால் ஒளிப்பு போய்விடும். ஸ்டெல்த் வேறு, தானியங்கி முடிவு வேறு என்று உங்கள் கட்டுரை மாதிரி இரண்டு பெட்டியில் போட்டு எழுத முடியாது. முதலாவதை வாங்கினால் இரண்டாவது கூடவே வரும்.

உங்கள் வாசகரில் பாதிப் பேருக்கு ஆளில்லா விமானம் எதிர்காலத்துச் செய்தி அல்ல. வன்னியில் இருந்த என் தங்கை குடும்பம் அதை வண்டு என்றுதான் சொல்லும். எஞ்சின் இரைச்சலோடு வரும், மணிக்கணக்காகச் சுற்றும், பிள்ளைகள்கூடச் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார்கள். வண்டு சுற்றிப் போனால் அடுத்து குண்டு போடும் கிபிர் விமானம் வரும் என்று பங்கரைப் பார்த்து நடப்பார்களாம். ஒளிப்பு என்பதே அதற்கு இல்லை. வண்டு அனுப்பிய படத்தை ஏதோ ஒரு அறையில் ஒருவர் பார்த்தார், இன்னொருவர் கட்டளை கொடுத்தார், மூன்றாமவர் விமானத்தில் ஏறினார். அவர்கள் சரியாகப் பார்த்தார்களா, சரியாக முடிவெடுத்தார்களா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் வழக்கு வைக்க ஆள் இருக்கிறது. பெயரும் பதவியும் கையெழுத்தும் உள்ள ஆட்கள் அந்தச் சங்கிலியில் இருந்தார்கள். பார்ப்பது, முடிவெடுப்பது, அடிப்பது மூன்றையும் வாய்பேசாத ஒரே யந்திரம் செய்தால், காணாமற்போன பிள்ளைக்காக வீதியோரம் படத்தோடு உட்கார்ந்திருக்கும் தாய் யாருடைய பெயரைச் சொல்லிக் கேட்பாள்?

இதைப் பற்றிப் பேச்சு நடக்காமல் இல்லை. தானாக முடிவெடுக்கும் ஆயுதங்களைப் பற்றி ஜெனீவாவில் 2017 முதல் அரசாங்க நிபுணர் குழு கூடுகிறது. 2019இல் 11 வழிகாட்டும் கோட்பாடுகளை ஏற்றார்கள், எதுவும் எவரையும் கட்டுப்படுத்தாது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் சொந்தக் கட்டளை, பலத்தைப் பாவிப்பதில் ‘தகுந்த அளவு மனிதத் தீர்ப்பு’ இருக்க வேண்டும் என்கிறது. எந்த அளவு தகுந்த அளவு என்று சொல்லவில்லை. 2023 டிசெம்பரில் ஐ.நா. பொதுச் சபை இந்த ஆயுதங்களைப் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆதரவு 152, எதிர்ப்பு 4. எதிர்த்த நான்கில் ஒன்று ரஷ்யா, இன்னொன்று இந்தியா. இதைப் பேச ஜெனீவாதான் உரிய இடம், வேறொரு பாதை தேவையில்லை என்பது இந்தியாவின் வாதம், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் காதக்கைச் செய்யும் நாடு அந்த வாக்கெடுப்பில் எந்தப் பக்கம் நின்றது என்பது காதக் பற்றிய முழுப்பக்கக் கட்டுரையில் ஒரு வரிக்காவது இடம் பெற வேண்டாமா?

ஆசிரியர் அவர்களே, உங்கள் பத்திரிகையை நிறுத்தப்போவதாகப் பயமுறுத்த நான் எழுதவில்லை. நாளும் காலையில் கடைக்குப் போய் வாங்குகிறவன். பேரனுக்கு இந்த விஷயங்கள் யூரியூப்பில் இடிமுழக்க இசையோடு கிடைக்கின்றன. அதையே அச்சில் தருவதென்றால் பத்திரிகை எதற்கு? அடுத்த தடவை இப்படி ஒரு விமானம் பற்றி எழுதும்போது, பறந்தது எது, வரைபடத்தில் இருப்பது எது என்று பிரித்துப் போடுங்கள். எந்த அலைநீளத்து ராடருக்கு எதிராக என்று கேளுங்கள். தொடர்பு அறுந்தால் குண்டுக் கதவைத் திறக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று, செய்கிற நாட்டின் பேச்சாளர் கொழும்புக்கு வரும்போது உங்கள் நிருபரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பதில் தரமாட்டார் என்றால், தரவில்லை என்றே போடலாம்.

நடுப்பக்கத்தில் மேகத்துக்கு மேலே பறந்ததே, அந்தப் படம் கணினியில் வரைந்தது. சக்கரமும் இல்லை, இலக்கமும் இல்லை, நிழல் ஒரு பக்கமும் வெளிச்சம் இன்னொரு பக்கமும் விழுகிறது. அதையும் படத்துக்குக் கீழே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் ராடர் திருத்துநர்,
கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.